செம்பியின் படுக்கையும் தெள்ளுப்பூச்சி ஒப்பந்தமும்

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் ஒரு பூந்திக்கொட்டை மரம். மரத்தடியில் ஒரு பாறைப் பொந்து. அந்தப் பொந்தில் செம்பி என்ற நாய் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது.

குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் முயலுக்கும் மானுக்கும் செம்பிதான் காவல். சிறுத்தை மூன்று கூப்பிடு தூரத்தில் வரும்போதே மோப்பம் பிடித்துக் குரைத்துவிடும். அதனால் தன் மூக்கின் மேல் அதற்குக் கொள்ளைப் பெருமை. "கண்ணு பொய் சொல்லும், காது பொய் சொல்லும். என் மூக்கு மட்டும் பொய்யே சொல்லாது!" என்று நாளுக்கு நான்கு தடவையாவது சொல்லிக்கொள்ளும்.

பொந்துக்குள் ஒரு படுக்கை இருந்தது. மான் உதிர்த்த மயிர், கொக்கின் இறகு, காய்ந்த புல் எல்லாம் கலந்து மெத்தென்று கிடக்கும். செம்பியின் தாய் அதில்தான் செம்பியை ஈன்றது. அந்தத் தாயும் அதே படுக்கையில் பிறந்ததுதான். இத்தனை காலத்தில் அதை யாரும் வெளியே எடுத்ததில்லை, உதறியதில்லை. நாய்களின் வழக்கம் அப்படி. வாசம் போனால் வீடே போன மாதிரி. செம்பி படுக்கும் முன் மூன்று சுற்றுச் சுற்றும். மூக்கைப் புதைத்து நன்றாக ஓர் இழுப்பு இழுக்கும். "ஆகா, எங்கம்மா வாசம்!" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடும்.

அந்த வாசத்துக்குள் தெள்ளுப்பூச்சிகளும் குடியிருந்தன.

தெள்ளுப்பூச்சியைப் பார்த்திருக்கிறீர்களா? எள்ளைவிடச் சின்னது. நசுக்கினால் நசுங்காது. பிடிக்கப் போனால் துள்ளிவிடும். ஆனால் கடித்தால் மட்டும் கட்டெறும்பு தோற்றுப் போகும்!

செம்பி சொறிந்தது. குட்டிகள் சொறிந்தன. பகலெல்லாம் சொறிந்தன, சொறிந்துகொண்டே தூங்கின. மூத்த குட்டிகள் இரண்டும் கொழுகொழுவென்று இருந்ததால் தாக்குப்பிடித்தன. கடைக்குட்டி குன்றிதான் பாவம். குன்றிமணி மாதிரி சின்னதாகப் பிறந்ததால் அந்தப் பெயர். அதன் உடம்பில் இருந்ததே கொஞ்சம் ரத்தம். அதையும் பூச்சிகள் உறிஞ்சின. குன்றியின் ஈறு வெளுத்தது. கால் தள்ளாடியது. பால் குடிக்க வரும், நாலு வாய் குடிப்பதற்குள் அப்படியே சாய்ந்துவிடும்.

குட்டி கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தாய்க்குத் தெரியாதா?

செம்பி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தது. குளத்தில் குதித்து முங்கியது. தெள்ளுப்பூச்சிகள் ஒன்றும் மூழ்கவில்லை! கழுத்து நனைந்தால் தலைக்கு ஏறின. தலை நனைந்தால் மூக்கு நுனிக்கு ஏறின. தண்ணீரில் விழுந்தவையும் மிதந்து வந்து மறுபடி ஒட்டிக்கொண்டன. பிறகு சாம்பலில் புரண்டது. தும்மல்தான் வந்தது. நரியிடம் போய் யோசனை கேட்டது. "எருக்கம்பாலைத் தடவு, எல்லாம் ஓடிரும்!" என்றது நரி. தடவியதும் முதுகுத் தோல் வெந்து போனது. பூச்சிகள் வயிற்றுப் பக்கம் நகர்ந்துகொண்டன. நரியிடம் வைத்தியம் கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

குளத்தங்கரையில் சிலம்பாயி என்ற காட்டுக்கோழி ஒன்று தன் ஆறு குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. வாய்த் துடுக்கான கோழி. ஒரு நாள் அது செம்பியின் வாசலைக் காலால் பரபரவென்று கிளறியது.

"ஏய்! என் வாசலை எதுக்குக் கிளர்றே?" என்று செம்பி பாய்ந்து வந்தது.

"உன் வாசல்ல புழு நெளியுது, செம்பியக்கா. உள்ளே இன்னும் எவ்வளவு கிடக்கோ! அந்தப் படுக்கையை வெளியே இழுத்துப் போடு. நான் கொத்தித் தர்றேன்."

"எங்கம்மா படுக்கையை வெளியே போடணுமா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றியா? போடி!"

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

"என் வீடு சுத்தமாத்தான் இருக்கு. என் மூக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிரும்?" என்று செம்பி உறுமியது. சிலம்பாயி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு விருட்டென்று போய்விட்டது. ஆறு குஞ்சுக்காரி நாயோடு எதற்கு வாதம் செய்யப் போகிறது?

இதைச் செம்பியின் காது மடலில் உட்கார்ந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். தெள்ளுப்பூச்சிகளின் தலைவன் துள்ளப்பன். பலே கில்லாடி.

'இந்தக் கோழி பேச்சை நாய் கேட்டுவிட்டால் நம் குலமே காலி' என்று அவன் நினைத்தான். உடனே குரலைக் குழைத்துக்கொண்டு பேசினான்.

"செம்பித் தாயே! உன் குட்டி படுற பாடு எங்களுக்கே பொறுக்கல. நாங்க போயிடறோம்."

செம்பி திடுக்கிட்டது. "நிஜமாவா?"

"துள்ளப்பன் வாக்குத் தவற மாட்டான். நானும் என் கூட்டமும் மொத்தமா இன்னிக்கே கிளம்பறோம். தண்ணி குடிக்க வர்ற காட்டுப்பன்னி முதுகுல ஏறிப் போயிடறோம். ஒரே ஒரு விண்ணப்பம்தான் தாயே."

"என்ன?"

"எங்க பிள்ளைங்க உன் படுக்கையில தூங்குதுங்க. வெறும் முட்டை. வாய் கிடையாது, கடிக்காது. அதுங்க மட்டும் அங்கேயே இருக்கட்டும். அந்தப் படுக்கையை யாரும் தொடக் கூடாது. நீயும் தாய். தூங்குற பிள்ளையை எழுப்பி விரட்ட உனக்கு மனசு வருமா?"

செம்பியின் மனம் இளகியது. முட்டை கடிக்காது என்பது உண்மைதானே! போதாததற்கு, படுக்கையைத் தொட வேண்டாம் என்றதும் செம்பிக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

"சரி. ஒப்பந்தம்!" என்றது செம்பி.

அன்று மாலையே காட்டுப்பன்றி வந்தது. துள்ளப்பன் முன்னால் துள்ள, கூட்டமெல்லாம் பின்னால் துள்ளியது. ஒன்று பாக்கி இல்லை. சொன்ன சொல் தவறவே இல்லை!

பத்து நாள் செம்பி நிம்மதியாகத் தூங்கியது. குன்றி ஆறு வாய் பால் குடித்தது, பிறகு பத்து வாய் குடித்தது. ஒரு தடவை வாலைக்கூட ஆட்டியது. "பார்த்தியா சிலம்பாயி? பேசித் தீர்க்க முடியாதது உலகத்துல ஒண்ணும் இல்ல!" என்று செம்பி குளக்கரை முழுக்கச் சொல்லித் திரிந்தது. சிலம்பாயி தரையைக் கிளறிக்கொண்டே இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை செம்பியின் வயிற்றில் சுரீர் என்றது. பிறகு தொடையில், கழுத்தில், காதில். குட்டிகள் வீல்வீல் என்று கத்தின. படுக்கையிலிருந்து மழைத் தவளை மாதிரி தெள்ளுப்பூச்சிகள் துள்ளித் துள்ளி வந்தன. போனவை நூறு என்றால் வந்தவை ஆயிரம்!

"நில்லுங்க! துள்ளப்பனோட எனக்கு ஒப்பந்தம் இருக்கு!" என்று செம்பி அலறியது.

முன்வரிசையில் துள்ளிய இளம் பூச்சி ஒன்று சிரித்தது. அவள் துள்ளப்பனின் மகள் துள்ளாயி.

"அது அப்பா போட்ட ஒப்பந்தம். அப்பா போயிட்டாரு. நாங்க எதுவும் போடலையே! அதோட, நாங்க முட்டையா இருந்தப்பத்தான் கடிக்க மாட்டோம்னு பேச்சு. இப்போ வாய் வந்திருச்சு, பசிக்குது!"

செம்பி குட்டிகளைப் பல்லால் கோதிப் பார்த்தது; ஒன்றை எடுப்பதற்குள் பத்து ஏறின.

மறுநாளே குன்றி எழுந்திருக்கவில்லை. செம்பி நக்கிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது. குட்டி கண்ணை மட்டும் பாதி திறந்தது. ஈறு அல்லிப்பூ இதழாக வெளுத்துக் கிடந்தது.

செம்பி குன்றியை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. குளத்தைச் சுற்றி ஓடி, சிலம்பாயியின் முன்னால் குட்டியைக் கிடத்தியது.

"சிலம்பாயி! நான் மடச்சி. என் பிள்ளையைக் காப்பாத்திக் குடு!"

நாயைக் கண்டதும் ஆறு குஞ்சுகளும் புதருக்குள் பாய்ந்தன. சிலம்பாயி மட்டும் அசையாமல் நின்றது. குட்டியை ஒரு பார்வை பார்த்தது.

"முதல்ல ஒண்ணு காட்டணும், வா" என்றது.

செம்பி குட்டியைக் கவ்விக்கொள்ள, இருவரும் பொந்துக்குப் போனார்கள்; குஞ்சுகள் தள்ளித் தள்ளி வந்து வாசலருகே இன்னொரு புதரில் பதுங்கின. படுக்கையின் அடியில் கறுப்பாகப் பொடி கிடந்தது. மிளகுத்தூள் மாதிரி இருந்தது. சிலம்பாயி அதில் ஒரு சிட்டிகை அலகால் எடுத்தது.

"இது என்ன, சொல்லு."

"மண்ணு" என்றது செம்பி.

"உன் மூக்கு என்ன சொல்லுது?"

"எங்கம்மா வாசம்தான் வருது. வேற ஒண்ணும் தெரியல."

சிலம்பாயி அந்தப் பொடியை நனைந்த வெள்ளை அல்லி இதழ் ஒன்றின் மேல் தூவியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கறுப்புப் பொடி ஈரத்தில் கரைந்தது. கரையக் கரையச் சிவந்தது. வெள்ளை இதழில் சிவப்புச் சிவப்பாகப் பரவியது.

"ரத்தம்!" என்று செம்பி கத்தியது.

"உன் பிள்ளை ரத்தம். பெரிய பூச்சி குடிச்சுட்டுப் போடுற எச்சம் இது. முட்டையிலிருந்து வர்ற புழு இதைத் தின்னுதான் வளருது. உன் உடம்புல இருந்தது பாதிகூட இல்லை, அக்கா. மீதியெல்லாம் இங்கே இருக்கு. நீ தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தே."

செம்பிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபம் முதலில் பிள்ளையைத் தின்ற பூச்சிகள் மேல் வந்தது, பிறகு தன் மேலேயே திரும்பியது. படுக்கையின் ஒரு முனையைப் பல்லால் கவ்வியது.

அப்போது துள்ளாயி அதன் மூக்கின் மேல் குதித்தாள். "ஐயோ தாயே! உள்ளே கண்ணு திறக்காத பிள்ளைங்க! வெயில்ல போட்டா பொசுங்கிடும். நீயும் ஒரு தாய்தானே?"

"ஆமா, தாய்தான். யாருக்குத் தாய்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு!" என்றது செம்பி. ஒரே இழுப்பில் படுக்கை முழுவதும் வாசலுக்கு வந்தது.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சூடேறிய பாறையின் மேல் படுக்கை பரவியது. வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்து நிழலைத் தேடின.

சிலம்பாயி கொக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிட்டது. குஞ்சுகள் புதரை விட்டு வரவில்லை. எப்படி வரும்? நாயின் வாசல் அல்லவா!

சிலம்பாயி செம்பியைப் பார்த்தது. "நான் என் பிள்ளைங்களை உன் கால் நடுவுல விடறேன். நீ உன் பிள்ளையை என் அலகுக்குக் கீழே விடு. ரெண்டு பேருக்கும் பயம்தான். வேற வழி இல்ல."

செம்பி குன்றியைக் கோழியின் காலடியில் வைத்தது. பிறகு தானே குப்புறப் படுத்து, வாயைத் தரையோடு அழுத்திக்கொண்டது. முதலில் ஒரு குஞ்சு வந்தது. பிறகு ஆறும் வந்தன. அப்புறம் என்ன, விருந்துதான்! பொந்துக்குள் நுழைந்து மூலை முடுக்கெல்லாம் கிளறிக் கொத்தித் தின்றன. செம்பியின் மூக்குக்கு நேராகக் கொழுத்த குஞ்சு ஒன்று போய் வந்தது. செம்பிக்கு எச்சில் ஊறவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வாய் திறக்கவில்லை.

சிலம்பாயி குன்றியின் மேல் குனிந்தது. கூர் அலகு கண்ணுக்கு அருகே போனது, காதுக்கு அருகே போனது. டொக், டொக் என்று பூச்சிகளை மட்டும் பொறுக்கியது. ஒரு கீறல் விழவில்லை. மற்ற இரண்டு குட்டிகளுக்கும் அப்படியே செய்தது.

அடுத்தது செம்பியின் முறை. மரத்திலிருந்து விழுந்த பூந்திக்கொட்டைகளைச் சிலம்பாயி பாறைக் குழித் தண்ணீரில் தள்ளியது. "மிதி, நல்லா மிதி!" என்றது. செம்பி மிதிக்க மிதிக்கத் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது.

"முதல்ல கழுத்தைச் சுத்தி நுரையைப் பூசிக்கோ. அப்பத்தான் தலைக்கு ஏற மாட்டாங்க. கண்ணுல மட்டும் படாம பார்த்துக்கோ. அப்புறம் உள்ளே இறங்கு."

செம்பி அப்படியே செய்தது. வெறும் தண்ணீரில் மிதந்த பூச்சிகளால் நுரைத் தண்ணீரில் மிதக்க முடியவில்லை. துள்ளக் கால் ஊன்ற இடமில்லை. துள்ளாயியும் கூட்டமும் கல் போல அடியில் போயின. பிறகு செம்பி நல்ல தண்ணீரில் முங்கி நுரையைக் கழுவிவிட்டு உதறிக்கொண்டு எழுந்தது.

"முடிஞ்சுதா? படுக்கையைத் திரும்ப உள்ளே போடலாமா?" என்று கேட்டது.

சிலம்பாயி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நாங்க ஒரு ஈட்டுக் குஞ்சு பொரிச்ச கூட்டுல மறு ஈடு அடை படுக்கவே மாட்டோம். தெரியுமா? கூடு நல்லாத்தான் இருக்கும், ஆனா பேன் நமக்கு முன்னாடி குடியேறியிருக்கும். செவ்வெறும்புப் புத்துக்கிட்ட கொண்டு போய்ப் போடு; மிச்ச முட்டையை எறும்பு தின்னுரும்."

செம்பி தயங்கியது. "வாசம் போயிட்டா பிள்ளைங்களுக்கு வீடு எதுன்னு தெரியாதே!"

"செத்த பிள்ளைக்கு வீடு எதுக்கு?" என்றது சிலம்பாயி.

செம்பி தன் தாயின் படுக்கையை வாய் வாயாகக் கவ்விக்கொண்டு போய் எறும்புப் புற்றருகே போட்டது. கடைசி வாய் போடும்போது ஒரு தடவை மோந்து பார்த்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டது. பொந்தில் புதிய புல்லும் நொச்சி இலையும் பரப்பியது.

அன்று குட்டிகள் கத்திக் கத்திப் படுக்கையை மோந்தன. பழைய வாசம் இல்லை. குன்றி தவழ்ந்து தவழ்ந்து சுற்றியது. கடைசியில் செம்பியின் வயிற்றில் மூக்கை வைத்தது. அங்கேயே புதைந்து தூங்கிப் போனது. செம்பி அசையக்கூட இல்லை.

"நாளையிலிருந்து தினமும் உள்ளே வந்து தரையைத் திம்திம்னு மிதிக்கணும்" என்றது சிலம்பாயி.

"எதுக்கு? தரை என்ன பாவம் பண்ணுச்சு?"

"புழுவா இருந்து கல் இடுக்குல கூடு கட்டித் தூங்குறவங்க இருக்காங்க. வெயிலும் நுரையும் அவங்களுக்கு எட்டாது. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனாலும் மாசக்கணக்கா காத்திருப்பாங்க. மிதி விழுந்தா, ஆள் வந்துட்டாங்கன்னு நினைச்சு வெளியே குதிப்பாங்க. குதிச்சதும் பிடிச்சு நுரையில போட்டுரலாம்."

செம்பி மிதித்தது. எட்டு நாள் திம்திம் என்று ஆடியது. முயல்கள் வந்து வேடிக்கை பார்த்தன. "காவல்கார அக்காவுக்குப் பேய் பிடிச்சிருச்சு!" என்று சிரித்தன. செம்பி கவலைப்படவில்லை. நாளுக்கு இருபது பூச்சி சிக்கியது, பிறகு பத்து, பிறகு ஒன்றுமே இல்லை.

ஒன்பதாம் நாள் செம்பி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. "எல்லாம் ஒழிஞ்சுது. என் மூக்குக்கு ஒண்ணுமே தெரியல" என்றது. நாய் வாலை நிமிர்த்தினாலும் பழையபடி வளையத்தானே செய்யும்!

நான்கு நாள் மிதிக்கவில்லை, புல்லும் மாற்றவில்லை. ஐந்தாம் நாள் குன்றி பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைச் சொறிந்தது. சொறிந்த சத்தம் சின்னதுதான். செம்பிக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. துள்ளி எழுந்து குட்டியின் காதைப் புரட்டியது. நான்கு பூச்சிகள்!

சிலம்பாயி வரும்வரை அது காத்திருக்கவில்லை. நான்கையும் முன்பல்லால் கோதி எடுத்தது, நுரையில் துப்பியது, புல்லை இழுத்து வெளியே எறிந்தது, தரையில் ஏறி மிதிக்கத் தொடங்கியது. கோழி வந்து பார்த்தபோது புழுதிக்கு நடுவே செம்பி ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை நாள் சிலம்பாயி?"

"பூச்சி வர்றது நின்ன பிறகு ஒரு மாசம்."

"ரெண்டு மாசம் மிதிக்கிறேன்!"

சொன்னபடி மிதித்தது. மழை வந்தாலும் மிதித்தது, உடம்பு அசந்தாலும் மிதித்தது. மூன்று நாளுக்கு ஒரு தடவை புல் மாற்றியது. கறுப்புப் பொடி தென்படுகிறதா என்று தினமும் அல்லி இதழில் தூவிப் பார்த்தது. தூவியது மண்ணாகவே இருந்தது. ஒரு நாளும் சிவக்கவில்லை.

ஒரு நாள் காலை சிலம்பாயி வழக்கம்போல் பொந்துக்குள் தலையை நீட்டியது. உள்ளேயிருந்து உருண்டையாக ஒன்று பாய்ந்து வந்து அதன் வாலைக் கவ்வியது.

"ஐயோ, விடு! செம்பியக்கா, உன் பிள்ளையைப் பாரு!" என்று சிலம்பாயி இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது.

குன்றிதான்! விடவே இல்லை. "உர்ர்ர்" என்று உறுமிக்கொண்டு, நாலு காலையும் ஊன்றி, அந்தக் கோழியை இழு இழு என்று இழுத்தது. செம்பி ஓடிவந்து குட்டியின் மேலுதட்டை மூக்கால் தூக்கிப் பார்த்தது. ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது.

துன்பம் கடிக்கிற இடத்தைச் சொறிந்தால் மட்டும் போதாது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அது நமக்கு எவ்வளவு பிரியமான இடமாக இருந்தாலும், கடைசி முட்டை ஒழியும்வரை விடாமல் துப்புரவாக்க வேண்டும்.